சி ஷிஃப்ட்காரனின் தூக்கம்

மூன்று வருஷமாகப் பழகிய ஆட்களில் முக்கால்வாசிப் பேரைத் திருமலைக்கு முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும். தொழில் அப்படி. இரண்டு பேர் போகிற கயாக் படகில் வந்தவர் முன்னால் உட்காருவார், வழிகாட்டி பின்னால் உட்காருவார். முன்னால் இருப்பவர் ஆசைக்குத் துடுப்புப் போட்டால் போதும். படகைத் திருப்புவதும் நிறுத்துவதும் பின்னால் இருப்பவர் பாடு. அரை நாள் முழுக்க ஒரு பிடரியையும் இரண்டு தோளையும் பார்த்துக்கொண்டு போய்விட்டு, கரையில் இறங்கும்போதுதான் இந்தப் பிடரிக்கு இப்படி ஒரு முகமா என்று பார்க்கக் கிடைக்கும். அதற்குள் அவர்கள் கார் கதவைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

படகுகள் தேவிப்பிரியாவுடையவை. ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்த்து அலுத்துப்போய், மணிமங்கலத்துக்கும் படப்பைக்கும் நடுவில் இருக்கும் ஏரியில் பத்துக் கயாக்கை இறக்கியவர். மதகுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தார்: 'வடகாட்டுப் படகுப் பயணம். அரை நாள். வழிகாட்டியுடன்.' ஏரியின் வடகரையில் காப்புக்காடு இருப்பது உண்மைதான். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும். அவற்றுக்கு நடுவில் படகை விட்டால் நாரைகளும் நீர்க்காகங்களும் தலைக்கு மேலே எழுந்து பறக்கும். விளம்பரப் படங்களைப் பார்த்தால் புலிகூட வரும்போல இருக்கும். ஆனால் எல்லாப் படமும் வடக்கே பார்த்து எடுத்தவை. தெற்கே திரும்பினால் கம்பெனிக் கூரைகளும், புது மனைகளின் கொடிகளும், கன்டெய்னர் லாரிகளும் தெரியும். தெற்கே திரும்பிப் படம் எடுக்க வேண்டாம் என்று வந்தவர்களிடம் சொல்வது திருமலையின் வேலைகளில் ஒன்று.

காசு கொடுத்துத் துடுப்புப் போடுகிறார்களாமே என்று ஊரில் ஒரு மாதம் சிரித்தார்கள். திருமலையும் சேர்ந்துதான் சிரித்தார். அவர் முதலில் அங்கே படகுகளுக்குக் காவலாகத்தான் போனார். கோவாவிலிருந்து வந்த வழிகாட்டிப் பையன் இந்த ஊர் வெயிலும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் ஓடிப்போனபோது, நீந்தத் தெரிந்தவர், ஏரியில் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தெரிந்தவர் என்று தேவிப்பிரியா இவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

அதற்கு முன்னால் அவர் மறைமலை நகரில், வண்டிகளுக்குப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். இதே ஏரிப் பாசனத்தில் இருந்த நிலத்தை எல்லோரும் விற்றபோது அவர் வீட்டிலும் விற்றார்கள்; வந்த பணத்தில் மாடி வைத்து வீடு கட்டினார்கள். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று மாற்றி மாற்றிப் போய் அவர் தலை நரைத்தது. கம்பெனி ஆட்குறைப்புச் செய்தபோது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வந்த வருஷமே மனைவி மஞ்சுளா காய்ச்சலில் படுத்தாள். ஒரு வாரத்தில் போய்விட்டாள். இனிமேலாவது பகலில் பேசிக்கொண்டிருக்கலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மஞ்சுளாவைப் பற்றிச் சொன்னால் சிவப்புத் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக் கேட்டில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தால், உள்ளே சி ஷிஃப்ட், அதாவது ராத்திரி ஷிஃப்ட், முடித்து வந்தவன் தூங்குகிறான் என்று அர்த்தம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். துணி கட்டிய வீட்டில் கூரியர்காரன் பெல் அடிக்க மாட்டான். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறையும். கட்சிக்காரர்கள்கூட அந்த இடத்தில் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தாண்டுவார்கள். தெருக்கோடியிலிருந்தே கூவிக்கொண்டு வரும் கீரைக்காரி பாப்பம்மாள், துணியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, ஒரு கட்டுக் கீரையை மட்டும் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவாள். செத்தவன் வீட்டுச் சேதி வந்தாலும் சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம், சி ஷிஃப்ட்காரனை எழுப்பாதே என்பது அங்கே எழுதாத சட்டம்.

மஞ்சுளா தன் பழைய புடவையிலிருந்து கிழித்த துணியை முதலில் புருஷனுக்காகக் கட்டினாள். பிறகு மகன் வசந்தகுமார் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் கார் கம்பெனி வேலைக்குப் போனதும் அவனுக்காகக் கட்டினாள். ஒரே வீட்டில் இரண்டு ஷிஃப்ட்காரர்கள் இருந்தால் ஒருத்தன் வரும்போது இன்னொருத்தன் போவான். நடுவில் அவள்தான் தபால்காரி. "உங்கப்பா கேட்டாருடா, வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டிட்டியான்னு." "புள்ள சொல்லிச்சி, உனக்கு செருப்பு வாங்கியாரேன்னு." இப்படி அப்பனும் மகனும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டார்கள். தாங்கள் இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொள்கிறவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் போன பிறகுதான் தெரிந்தது. வசந்து, சி ஷிஃப்டுக்குப் படி அதிகம் என்று நிரந்தரமாக அதையே கேட்டு வாங்கிக்கொண்டான். விடிந்ததும் திருமலை ஏரிக்குப் போய்விடுவார். போகும்போதே கேட்டில் துணியைக் கட்டிவிட்டு, மூடி வைத்த சோற்றையும் குழம்பையும் அடுப்பு மேடையில் விட்டுவிட்டுப் போவார். அவன் வந்து தின்றுவிட்டுத் தூங்குவான். சாயந்திரப் படகையும் கரை ஏற்றி, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் வரும்போது, அவன் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். இடையில் ஒரு அரை மணி நேரம் இருக்கத்தான் செய்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எல்லாப் பழியையும் ஷிஃப்ட் மேல் போடுவது சௌகரியமாக இருந்தது.

"துன்னியாடா?"

"துன்டேம்பா."

அவ்வளவுதான். மீன் குழம்பு வைத்தால் மட்டும் சட்டி வழித்து வைத்திருக்கும். அதைப் பார்த்து மகனுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார். அடுத்த வாரமும் மீன் வாங்குவார்.

இதெல்லாம் இப்படியே ஓடியிருக்கும். மாடி அறையில் குடியிருந்த இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வசந்து வேலை செய்யும் அதே லைனில் இருப்பவன், ஒரு நாள் சாயந்திரம் மோட்டார் போடக் கீழே வந்தவன் சும்மா இருக்காமல் கேட்டான்.

"அண்ணாச்சி, வசந்து குஜராத்துக்குப் போறதப் பத்தி என்ன முடிவு பண்ணியிருக்கிய?"

திருமலை நிமிர்ந்து அவனையே பார்த்தார். இசக்கிக்கு முகம் மாறியது.

"ஒங்ககிட்ட சொல்லலியா? ஐயோ, நாந்தான் ஒளறிட்டேனா. அங்க புது பிளாண்ட் ஆரம்பிக்காங்க. டீம் லீடரா வாரியான்னு அவன்கிட்ட கேட்டிருக்காங்க. போனா அங்கயேதான், திரும்பி மாத்த மாட்டாவ. நல்ல சான்ஸ் அண்ணாச்சி. எனக்கெல்லாம் கேக்கவே மாட்டாங்க."

அன்றைக்குத் திருமலை சாப்பிடவில்லை. மகன் போய்விடுவான் என்பது ஒரு பக்கம், அதை மாடிக்காரன் வாயால் கேட்க வேண்டியிருந்தது ஒரு பக்கம். ஆனால் அவர் மகனைக் கோபிக்கவில்லை. சொல்லுகிற ஆள் செத்துப்போய்விட்டாள், அவன் யாரிடம் சொல்வான் என்றுதான் தோன்றியது. அந்த வீட்டில் வசந்துவின் தூக்கம் ஒன்றுதான் அவருக்குத் துணை. காலைப் படகு முடிந்து பகலில் சாப்பிட அவர் வரும்போது உள்ளறையில் ஃபேன் ஓடும். கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் மூச்சு விடுகிறான் என்பது போதுமானதாக இருந்தது. அவனிடம் சொல்ல அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது: போவாத. அதைச் சொன்னால் அவன் கேட்பான் என்றும் அவருக்குத் தெரியும். அம்மா செத்த பிறகு அப்பன் பேச்சை அவன் தட்டியதே இல்லை. தட்டுவதற்கு அப்பன் ஒன்றும் பேசியதும் இல்லை.

எங்கே வைத்துச் சொல்வது என்றுதான் யோசித்தார். அதற்கு அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. வீட்டில் வாய் திறக்காதவர்கள் ஏரியின் நடுவில் திறப்பார்கள். மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறார். முன்சீட்டுக்காரனுக்குப் பின்சீட்டின் முகம் தெரியாது; துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருமுறை பக்கத்துப் படகில் போன ஒரு பெண், முன்னால் இருந்த புருஷனின் முதுகைப் பார்த்து, உங்கம்மாவோடு இனிமேல் என்னால் இருக்க முடியாது என்று அழாமல் சொன்னாள். அவனும் திரும்பாமலே, சரி, தனியாகப் போய்விடலாம் என்றான். திருமலை நாரையைக் காட்டுகிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் சாயந்திரம், வசந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். "ஞாயித்துக்கெயம உனக்கு ஆஃப்தானே. காலைல ஏரிக்கு வாயேன். படகுல போலாம்."

வசந்து நிமிர்ந்து பார்த்தான். மூன்று வருஷத்தில் அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, அவனும் வந்ததில்லை. "சரிப்பா" என்றான்.

இந்த இடத்தில்தான் இரண்டு பேரும் கோட்டை விட்டார்கள். அந்த வாரம் ஏதோ பார்ட்ஸ் வந்து சேரவில்லை என்று கம்பெனி புதன்கிழமையை லீவாக்கி, ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக மாற்றிவிட்டது. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இது வாடிக்கை. ராத்திரி தொடங்கும் சி ஷிஃப்டை விடிகிற நாளின் கணக்கில்தான் சேர்ப்பார்கள்; அதனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி வசந்து வீட்டில் இருந்தான். "இன்னிக்கு போவலையா?" என்று திருமலை கேட்டார். "லீவுப்பா" என்றான். சொந்தமாக லீவு போட்டிருக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அத்தனை வருஷம் கம்பெனியில் இருந்தவருக்கு ஆஃப் மாறியது தெரியாமலா இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் முடித்துவிட்டு வரச் சொல்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசியிருக்கலாம். ராத்திரி முழுக்க ஒரே ஃபேனுக்குக் கீழே இருந்தார்கள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அவர் ஞாயிற்றுக்கிழமை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். மஞ்சுளா இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் குட்டியிருப்பாள்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது வசந்து இல்லை. சிநேகிதர்களோடு போயிருப்பான் என்று படுத்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோதும் அவன் பாய் சுருட்டியபடியே இருந்தது. துணியைக் கட்டக் கேட்டுக்குப் போனவர், யாருக்காகக் கட்டுவது என்று நின்றார். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்கு நடந்தார். வர மாட்டான் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அப்படிச் சொல்லிக்கொண்டால் வலிக்காது என்று யாரோ சொன்னதை நம்பி. வலிக்கத்தான் செய்தது.

அன்றைக்கு ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் லைனில் வேலை செய்கிறவர்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவிப்பிரியா அவர் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, உங்க பையன் வர்றதா சொன்னீங்களே. உங்க முன்சீட்டக் காலியா வெச்சிருக்கேன். இன்னும் பாக்கணுமா?"

"வேணாம் மேடம். கெளம்பலாம்."

படகைத் தண்ணீரில் தள்ளும்போது ஏரிக்கரைமேல் கம்பெனி பஸ் வந்து நின்றது. வசந்து யூனிஃபார்மோடு இறங்கி, கரைச்சரிவில் ஷூ வழுக்க ஓடி வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"இன்னாடா இது, இன்னிக்கி உனக்கு ஆஃப் இல்லயா?"

"இன்னிக்கி ஒர்க்கிங் டேப்பா. ஆஃப்தான் புதன்கெயமயே குடுத்துட்டாங்களே, உனக்குத் தெரியாதா? நேத்து ஆளு இல்லன்னு பி ஷிஃப்ட்டும் சேத்துப் பாக்க சொல்லிட்டாங்க. மத்தியானத்துலருந்து உள்ளதான் கீறேன்."

"அப்ப வூட்டுக்குப் போய் படு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இல்லப்பா. உன்னாண்ட பேசணும்." அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். போனை எடுத்து அவரிடம் கொடுத்தான். "சூப்பர்வைசர் பண்ணுவாரு. குஜராத்துல ஒரு வேலை. இன்னிக்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பதில் சொல்லலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. உன்ன கேக்காம எப்டி சொல்றது?"

அங்கேயே பேசியிருக்கலாம். கரை இருந்தது, காற்று இருந்தது, எதிரெதிரே நின்றிருந்தார்கள். ஆனால் திருமலைக்குத் தன் சித்தாந்தம் பெரிதாகப் போய்விட்டது. "உக்காரு. நடு ஏரிக்குப் போனப்புறம் பேசலாம்" என்றார். போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுத் தன் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

கரையிலிருந்து விலகும்வரை எல்லாப் படகுக்கும் சத்தம் போட்டு வழி சொல்ல வேண்டியிருந்தது. திறந்த தண்ணீருக்கு வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வசந்து."

துடுப்பு மடிமேல் கிடந்தது. தலை லைஃப் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையில் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டான்.

அவர் துடுப்புப் போடுவதை நிறுத்தினார். மகனின் பிடரியை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. இரட்டைச் சுழி. பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் மஞ்சுளா திட்டிய சுழி. காலரில் வேர்வை உப்புக் கோடு போட்டிருந்தது. காதுக்குப் பின்னால் கறுப்பாக கிரீஸ். இருபத்தாறு வயசில் ஒரே ஒரு நரைமுடி வந்திருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்.

பின்னால் வந்த படகுகளில் சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. திருமலை சட்டைப் பையிலிருந்த சிவப்புத் துணியை எடுத்து, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கைப்பிடியில் கட்டினார். முதலில் வந்த படகுக்காரர் துணியைப் பார்த்தார், யூனிஃபார்மைப் பார்த்தார், திரும்பித் தன் ஆட்களுக்கு வாயில் விரலை வைத்துக் காட்டினார். பாட்டு நின்றது. அவர்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் வீட்டுக் கேட்டிலும் துணி தொங்குகிறது.

அதற்கப்புறம் அந்த ஏரியில் நடந்த மாதிரி ஒரு பயணம் முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை. வாய் ஓயாமல் பேசும் வழிகாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. இடது பக்கம் திரும்ப இடது கையைத் தூக்கினார். முக்குளிப்பான் பறவை தெரிந்தால் விரலால் காட்டினார். கருவேல மரங்களுக்கு நடுவில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் போயின. நடுத்திட்டில் டீ குடிக்க எல்லோரும் இறங்கினார்கள். திருமலை இறங்கவில்லை. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, வசந்துவின் முகத்தில் வெயில் விழாதபடி படகை நிழலில் நிறுத்தி வைத்தார். நிழல் நகர நகரப் படகையும் நகர்த்தினார். ஒருவர் தண்ணீரில் நடந்து வந்து பேப்பர் கப்பில் டீயை நீட்டினார். "உங்க புள்ளயா?" என்று சைகையில் கேட்டார். திருமலை தலையாட்டினார். தன் பிள்ளை என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டு ரொம்ப நாளாகியிருந்தது.

திரும்பும் வழியில், வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, காலுக்கு நடுவில் பை அதிர்ந்தது.

பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தார். 'சூப்பர்வைசர்' என்று இருந்தது. வசந்து அசையவில்லை. பை அதிர்ந்து, நின்றது.

அப்போதுதான் அவருக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம். போவாத என்றுகூடச் சொல்ல வேண்டாம். சும்மா துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தால் போதும். கரைக்குப் போவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும், வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும், மகன் வீட்டோடு இருப்பான். யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவனை எப்படி எழுப்புவது என்றால் ஊரே ஆமாம் என்று சொல்லும். வசந்துகூடச் சொல்வான். மஞ்சுளாவே எழுப்பியிருக்க மாட்டாள். இத்தனை வருஷம் அந்தத் துணி அவரைக் காப்பாற்றியது. இன்றைக்கு ஒரே ஒரு முறை கடைசியாகக் காப்பாற்றட்டும் என்று மனசு கெஞ்சியது.

பை மறுபடி அதிர்ந்தது.

உன்ன கேக்காம எப்டி சொல்றது என்று கேட்டுவிட்டு, போனைத் தன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்குகிறான். அவனை எழுப்பாமல் விடுவதும் தூங்குகிறவன் சட்டைப் பையில் கை விட்டுத் திருடுவதும் ஒன்றுதான் என்று திருமலைக்குத் தோன்றியது. துடுப்பை நீட்டி, அதன் நுனியால் மகனின் தோளைத் தட்டினார்.

"வசந்து. எய்ந்திரு."

பக்கத்துப் படகில் இருந்தவர் திரும்பி முறைத்தார். சி ஷிஃப்ட்காரனை எழுப்புகிறாரே, இவரெல்லாம் ஒரு தகப்பனா என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"ம்... எங்கப்பா கீறோம்?"

"ஏரிலதான். போன்டா. உங்க சூப்பர்வைசர்." பையிலிருந்து போனை எடுத்து, அவன் தோளுக்கு மேலே நீட்டினார்.

வசந்து வாங்கினான். திரும்பினால் படகு ஆடும் என்று திரும்பாமலே இருந்தான். போன் அவன் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது. "இன்னாப்பா சொல்லட்டும்?"

அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. "உனக்குப் போவணும்னு கீதா?" என்று கேட்டார்.

"கீதுப்பா" என்றான், ரொம்பச் சின்னக் குரலில். "ஆனா நீ தனியா..."

"வரேன்னு சொல்லு."

"அப்பா..."

"சொல்லுடா. கட்டாயிடப்போவுது."

"ஹலோ, சார். ஆமா சார். வரேன் சார்." பேசப் பேச அவன் முதுகு நிமிர்ந்ததைத் திருமலை பார்த்தார். முன்சீட்டுக்காரனுக்குப் பின்சீட்டின் முகம் தெரியாது என்பதற்காக அன்றைக்கு அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, துடுப்பில் இருந்தது.

அதற்கப்புறம் வசந்து பேச ஆரம்பித்தான். அவர் சித்தாந்தம் ஒன்றும் பொய்யில்லை. குஜராத்தில் தங்க இடம் கொடுப்பார்கள் என்றான். இந்தி கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டிருக்கிறான் என்றான். லைனில் மெஷின் நின்றபோது தான் சரி செய்ததை மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னான். அம்மா இருந்தால் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்றான். மீன் குழம்பை எப்படி வைப்பது என்று கேட்டான். புளியை எப்போது கரைத்து ஊற்றுவது என்று திருமலை சொன்னார். துடுப்பை வேகவேகமாகப் போட்டான், தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது. மூன்று வருஷத்துப் பேச்சையும் மதகுக்கு வருவதற்குள் பேசி முடித்தான். கரையில் தேவிப்பிரியா, இன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் ரொம்ப நன்றாக இருந்தது என்கிறார்களே, என்ன பேசினீர்கள் என்று கேட்டார். திருமலை துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதத்தில் வசந்து கிளம்பிப் போனான். ரயில் ஏற்றிவிட இசக்கியும் கூட வந்தான்.

அதற்கடுத்த நாள் காலை திருமலை வழக்கம்போல எழுந்து சோறு வடித்தார். கிளம்பும்போது கை தானாகத் துணியை எடுத்துக் கேட்டில் கட்டியது. கட்டி முடித்த பிறகுதான் உள்ளறையில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவிழ்க்கப் போனார். அதற்குள் தெருக்கோடியிலிருந்து பாப்பம்மாள் கூவிக்கொண்டு வந்துவிட்டாள். துணியைப் பார்த்ததும் கூவலை நிறுத்தினாள். கூடையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, மெதுவாகப் பக்கத்தில் வந்து, ஒரு கட்டு அரைக்கீரையைச் சுவர்மேல் வைத்தாள்.

"புள்ள ஊருக்குப் போயிட்ச்சின்னாங்களே," என்று ரகசியம் பேசுகிற குரலில் கேட்டாள். "வந்துட்ச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திருமலை உதட்டில் விரலை வைத்து, உள்ளே காட்டினார்.

பாப்பம்மாள் புரிந்துகொண்டு தலையாட்டினாள். அவர் வீட்டையும், பக்கத்து வீட்டையும், அதற்கடுத்த வீட்டையும் தாண்டும்வரை அவள் வாய் திறக்கவில்லை.